அலங்காரப் பூதானே என்று விட முடியாது

இருட்டில் இளம்பச்சையாக ஒளிரும் பெட்டூனியா அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. 29 டாலர் விலை வைத்தார்கள். ஒளிரும் காளான் ஒன்றின் மரபணுக்களைச் செடிக்குள் செலுத்தி, ஐடஹோ மாநில நிறுவனம் ஒன்று அதை உருவாக்கியது. 2023 செப்டம்பரில் அந்நாட்டு வேளாண் துறை தடையில்லை என்றது. 2024-இல் செடிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் செடியின் வீடியோவைக் கைபேசியில் காட்டி, "அக்கா, இது உங்ககிட்ட எப்போ வரும்?" என்று என் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். பெங்களூரு அடுக்குமாடிகளிலிருந்து வரும் இளம் தம்பதிகள்தான் அதிகம் கேட்பது.

ஓசூருக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் நடுவே நாற்றங்கால் நடத்துகிறேன். பெட்டூனியா, செண்டுமல்லி, சால்வியா, டயாந்தஸ் என்று சீசன் பூக்கள்தான் பிழைப்பு. ஆகஸ்டில் குழித்தட்டில் விதை போட்டால் அக்டோபரில் நாற்றுக் கவர்கள் வண்டியேறத் தொடங்கும். ஜனவரி லால்பாக் மலர்க் கண்காட்சி முடியும்வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஒளிரும் பூவைக் கேட்பவர்களிடம், "நம்ம ஊர்ல அனுமதி இல்லைங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஏனென்றால், மரபணு மாற்றிய அலங்காரப் பூவை எப்படிச் சோதிப்பது, என்ன நிபந்தனையில் விற்க விடுவது என்பதை நம் நாட்டில் யாரும் தனியாக யோசித்து எழுதி வைக்கவில்லை. அதை இப்போதே எழுத வேண்டும், முதல் செடி உள்ளே வருவதற்கு முன்னால் எழுத வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இருக்கிற சட்டம் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகள். மரபணு மாற்றிய எந்த உயிரையும் வெளியே விட, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழுவின் நேரமெல்லாம் பருத்தி, கத்தரி, கடுகு என்று பயிர்களோடே போய்விட்டது. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது, 2010-இல் பி.டி. கத்தரி நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் கடுகுக்குக் கொடுத்த ஒப்புதல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. வயலில் விளைந்து தட்டுக்கு வரும் பொருளை மனத்தில் வைத்து வளர்ந்த முறை இது. பூந்தொட்டியில் வாங்கி, ஒரு கிளையை ஒடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் செடியை இந்த முறை எண்ணிப் பார்க்கவே இல்லை.

அப்படி எண்ணிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெட்டூனியாவே சாட்சி. எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இயற்கையில் பெட்டூனியாவுக்கு ஆரஞ்சு நிறம் வராது. அதற்கான நிறமியைச் செய்யும் வழி அந்தச் செடிக்குள் ஓரிடத்தில் அடைபட்டிருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன விஞ்ஞானிகள் மக்காச்சோளத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்து அந்த அடைப்பை நீக்கினார்கள். செங்கல் நிறத்தில் பூத்தது; 1987-இல் அறிவித்தார்கள். 1990-இல் சுமார் 30,000 செடிகளைத் திறந்த வெளியில் நட்டார்கள். ஜெர்மனியில் நடந்த முதல் மரபணு மாற்றுக் கள ஆய்வு அது. அந்தக் கோடை வெயிலில் பல செடிகளின் பூ வெளுத்துப்போனது. செலுத்திய மரபணு சூழலுக்கேற்ப அடங்கிப்போகக்கூடும் என்பதை அறிவியல் உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் அந்த வயலும் ஒன்று. பின்னர் நெதர்லாந்தில் விதை நிறுவனம் ஒன்று அந்தச் செடியைக் கொண்டு ஆரஞ்சு ரகங்களை உருவாக்க முயன்றது. 1995-இல் அது பற்றிய ஆய்வுக் கட்டுரையும் வந்தது. விற்பனைக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்ததாக எல்லோரும் நினைத்தார்கள்.

20 ஆண்டுகள் கழித்து, 2015-இல், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் தாவர உயிரியலாளர் தேமு தேரி அந்நகர ரயில் நிலையம் அருகே பூந்தொட்டியில் ஆரஞ்சுப் பெட்டூனியா பூத்திருப்பதைப் பார்த்தார். கொலோன் ஆய்வு அவர் நினைவுக்கு வந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார். மக்காச்சோள மரபணு அப்படியே இருந்தது. 2017 ஏப்ரலில் பின்லாந்து அரசு அந்த ரகங்களைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. மே மாதம் அமெரிக்காவும் சோதித்து, அங்கும் பல ரகங்களில் கண்டுபிடித்தது. விற்பனை உச்சத்தில் இருந்த நேரத்தில் பூத்த செடிகளை எரித்தும் புதைத்தும் அழித்தார்கள். வளர்த்தவர்களில் பலருக்குத் தாங்கள் வளர்ப்பது என்னவென்றே தெரியாது. இனக்கலப்பு செய்தவர்கள்கூட 'நல்ல ஆரஞ்சு கிடைத்திருக்கிறது' என்று அந்தச் செடியோடு மேலும் மேலும் கலந்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு. அந்தப் பூவால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக எந்த நாடும் சொல்லவில்லை. 2021 ஜனவரியில் அமெரிக்கா அதே ஆரஞ்சுப் பெட்டூனியாவுக்குக் கட்டுப்பாடு தேவையில்லை என்று அறிவித்தது. அதாவது 2017-இல் அழித்த செடியை நான்கு ஆண்டுகளுக்குள் விற்கலாம் என்றார்கள். முறையாக விண்ணப்பித்து ஆராய்ந்திருந்தால் ஒரு நாற்றங்காலும் நட்டப்பட்டிருக்காது. பல நாடுகளில் சோதனைச் சட்டங்கள் இருந்தும் அதைப் பிடித்தது ஒரு மனிதரின் கண்ணும் நினைவும் மட்டுமே. அவர் அன்று வேறு தெரு வழியாக நடந்திருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது.

ஆரஞ்சு, சால்மன் நிறப் பெட்டூனியாவை அந்த ஆண்டுகளில் நானும் விற்றிருக்கிறேன். விதை வெளிநாட்டிலிருந்து முகவர் மூலம் வந்தது. உறையில் ரகத்தின் பெயர், முளைப்புத்திறன், தொகுதி எண் இருந்தன. அந்த நிறம் எப்படி வந்தது என்பதைச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவில் அவ்வளவு நடந்த பிறகும் என் நாற்றங்காலுக்கு வந்து ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு போனவர் யாருமில்லை. பெட்டூனியாவின் பூர்வீகம் தென்னமெரிக்கா. அதனோடு கலக்கக்கூடிய காட்டு உறவு நம் காடுகளில் இல்லை. அதனால் அந்த ஒன்றில் நமக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அடுத்து வருவது பெட்டூனியாவாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

'சாப்பிடுகிற பொருளா என்ன, அழகுக்கு வைக்கிற பூதானே' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்களை அஞ்செட்டிக் காட்டுக்கு அழைத்துப் போக ஆசை. சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் உண்ணிச்செடி அடைத்து நிற்கிறது. மானுக்குப் புல் இல்லை. மாடு மேய்க்கிறவர் நுழைய வழியில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது அது. ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரையும் ஊதாப் பூவுக்காக இந்த நாட்டுக்குள் வந்ததுதான். முதுமலையில் பரவி நிற்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மஞ்சள் பூ மரமும் அழகுக்கும் நிழலுக்கும் நட்டது. இப்போது அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூன்றிலும் எந்த ஆய்வகமும் மரபணுவைத் தொடவில்லை. அழகாக இருப்பதால் மனிதனே கைபிடித்து ஊர் ஊராகக் கொண்டுபோய் நடுவான் என்பதுதான் அலங்காரச் செடியின் பலம். நெல்லையோ பருத்தியையோ அப்படி யாரும் வாசலில் நட்டு, அண்டை வீட்டாருக்குக் கிளை ஒடித்துக் கொடுப்பதில்லை.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி செடியைப் பற்றியதாக இருக்க வேண்டும். இது தானாக விதை கட்டுமா? மகரந்தம் எவ்வளவு, யார் தூக்கிப் போவார்கள்? ஒடித்து வைத்தால் வேர் விடுமா? கூடக் கலக்கும் சொந்தம் நம் மலைகளில் உண்டா? அதன் பிறகுதான் எந்த மரபணு, எந்த வழியில் என்பதெல்லாம்.

வழியை மட்டும் பார்க்கும் சட்டம் எப்படி ஏமாறும் என்பதை அமெரிக்காவிலேயே பார்த்தோம். 2013-இல் ஒரு குழு, ஒளிரும் செடியின் விதையை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று இணையத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. 8,000-க்கும் அதிகமானோர் கொடுத்தார்கள். தாவர நோய்க்கிருமியின் துணையில்லாமல், துகள் துப்பாக்கியால் மரபணுவைச் செலுத்தினால் வேளாண் துறையின் கட்டுப்பாட்டுக்குள் வரவேண்டியதில்லை என்பதே அவர்கள் கண்ட வழி. சட்டப்படி அது சரியாகவும் இருந்தது! தொழில்நுட்பம் கைகூடாததால் 2017-இல் திட்டம் கைவிடப்பட்டது. விதைகள் போயிருந்தால் தடுக்க யாருக்கும் அதிகாரம் இருந்திருக்காது.

ஜப்பான் வேறு மாதிரி நடந்துகொண்டது. அங்கே நடந்ததை நம் அதிகாரிகள் ஊன்றிப் படிக்க வேண்டும். சண்டோரி நிறுவனம் பான்சிப் பூவின் மரபணுவைக் கொண்டு உருவாக்கிய 'நீல' ரோஜா (கண்ணுக்கு இளம் ஊதாதான்) 2009 நவம்பரில் 'அப்ளாஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஜப்பானில் காட்டு ரோஜாக்கள் உண்டு. அவற்றோடு கலந்துவிடாதா என்று ஆராய்ந்தார்கள். புதிய மரபணு அந்தச் செடியின் வெளியடுக்குச் செல்களில் மட்டுமே இருந்தது. மகரந்தத்தை உண்டாக்கும் உள்ளடுக்கில் இல்லை. எனவே அடுத்த தலைமுறைக்குப் போகாது. அனுமதி கிடைத்தது.

அதே நாட்டில் 2017-இல் உண்மையான நீலச் சாமந்தியை விஞ்ஞானிகள் பூக்க வைத்தார்கள். அதற்கு உதவிய இரண்டு மரபணுக்களில் ஒன்று நம் வேலியோரத்துச் சங்குப்பூவிலிருந்து எடுத்தது. படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பூ வியாபாரத்தில் நீலம் கிடைக்காத நிறம். கோயம்பேட்டில் ஆர்க்கிட்டை மையில் நனைத்து நீலம் என்று விற்கிறார்கள். ஆனால் அந்தச் சாமந்தியை ஜப்பான் கடைக்கு விடவில்லை. அங்கே காட்டுச் சாமந்தி இனங்கள் ஏராளம். பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு சேர்த்துவிடும். முதலில் அதை மலடாக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் வேலை தொடர்கிறது. இரண்டும் நிற மாற்றம்தான். ரோஜாவுக்கு அனுமதி, சாமந்திக்குக் காத்திருப்பு. செடியைப் பார்த்து முடிவெடுத்தால் பதில் இப்படித்தான் செடிக்குச் செடி மாறும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் வெள்ளைப் பூவோடு படரும் காட்டு ரோஜா ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. நாளைக்கு ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு மரபணு மாற்று ரோஜா பாலிஹவுஸுக்குள் நுழையுமானால், ஜப்பான் கேட்ட அதே கேள்வியை அந்தக் காட்டு ரோஜாவுக்காக நாமும் கேட்டாக வேண்டும். வெளிநாட்டு ஆய்வறிக்கையை அப்படியே ஒட்டி அனுமதி வாங்கிவிட முடியாது.

இன்னொன்று, நிறத்துக்குக் கீழே வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்பது. ஆஸ்திரேலியாவின் புளோரிஜீன் நிறுவனம் 1990-களின் நடுவில் வெளியிட்ட ஊதாக் கார்னேஷன்தான் கடைக்கு வந்த முதல் மரபணு மாற்றுப் பூக்களில் பேர்பெற்றது. கொலம்பியாவிலும் ஈக்வடாரிலும் வளர்த்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். அதில் ஊதா நிறத்துக்கான மரபணுவோடு, ஆய்வகத்தில் தேர்ந்தெடுப்பதற்காக ஒரு வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் சேர்ந்தே இருக்கிறது. கொலோனின் ஆரஞ்சுப் பெட்டூனியாவில் நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் மரபணு இருந்தது. கொய்த கார்னேஷன் பூச்சாடியில் வாடிப்போகும், பாதகமில்லை. எளிதில் விதை சிந்தும் ஒரு செடியில் களைக்கொல்லித் தாங்கும் குணம் ஏறினால் என் போன்றவர்களின் பாத்தியில் அது நிரந்தரக் களை. அலங்காரச் செடியில் அந்த மாதிரித் துணை மரபணுக்களை நம் நாடு அனுமதிக்கவே கூடாது. அவை இல்லாமல் செய்யும் தொழில்நுட்பம் இன்று வந்துவிட்டது.

வெளிநாட்டு முறைகளில் நமக்குப் பொருந்தாததும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கார்னேஷனைக் கொய்த பூவாக இறக்குமதி செய்ய அனுமதித்தபோது, மரபணு மாற்றியது, மனிதரோ விலங்கோ உண்பதற்கில்லை, பயிரிடுவதற்கும் இல்லை என்று அட்டையில் எழுதச் சொன்னது. நம் ஊரில் அந்த அட்டை பூக்கட்டுபவரின் கைக்கு வருமுன்பே கழன்றுவிடும். பூ இங்கே மாலையாகிறது, தலையில் ஏறுகிறது, கோயிலிலிருந்து வரும் வழியில் மாட்டுக்குப் போகிறது. ரோஜா இதழ் குல்கந்தாகிறது. செண்டுமல்லியின் மஞ்சள் நிறமி கோழித் தீவனத்தில் சேர்கிறது. பயிரிடாதே என்ற நிபந்தனையும் இங்கே நிற்காது. மல்லிகையைப் பாருங்கள். ராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்தில் ஒடித்து வேர்விட வைத்த மல்லிகை நாற்று தமிழகம் தாண்டியும் போகிறது. அங்குள்ளவர்களின் கைத்திறனுக்கு எந்த ஒப்பந்தப் பத்திரமும் ஈடாகாது. அதைக் குற்றமென்று சொல்லவும் எனக்கு மனம் வராது. எனவே இந்தியாவில் அனுமதி கொடுப்பவர்கள், இந்தச் செடி உறுதியாகப் பெருக்கப்படும், வாயிலும் போகும் என்று வைத்துக்கொண்டே சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறினால் விடலாம்.

முழுத் தடை கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2001-இல் குஜராத்தில் அனுமதியில்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் காய்த்து நின்ற பிறகுதான் அரசுக்குத் தெரியவந்தது. களைக்கொல்லி தாங்கும் பருத்தி இன்றும் அனுமதியின்றி விதைக்கப்படுகிறது. பருத்தி மூட்டையையே தடுக்க முடியாதபோது சட்டைப்பையில் வரும் பெட்டூனியா விதையையா தடுக்கப் போகிறோம்? இணையத்தில் 'நீல ரோஜா விதை' என்று இப்போதே விற்கிறார்கள். முளைத்ததைத் தொட்டியோடு கொண்டுவந்து "இது என்ன செடி அக்கா?" என்று கேட்பவர்கள் மாதந்தோறும் உண்டு. இதுவரை வந்ததெல்லாம் சாதாரணச் செடிகள். கேட்கிறவர்களின் ஆசை உண்மையானது. நேர்வழி இல்லையென்றால் அது குறுக்கு வழியில் போகும். கென்யாவோடும் கொலம்பியாவோடும் போட்டி போடும் ஓசூர் விவசாயிக்கும், நோய் தாங்கும் ரோஜாவோ சீக்கிரம் வாடாத கார்னேஷனோ கிடைத்தால் மருந்துச் செலவு குறையும். அந்த வாய்ப்பைப் பயத்தினாலேயே மூடிவிடக் கூடாது.

படிப்படியாகத் திறக்கலாம். ஆஸ்திரேலியா அதைத்தான் செய்தது. ஊதாக் கார்னேஷனை முதலில் உரிமத்தோடு மட்டும் வளர்க்கவிட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் கவனித்து, பிரச்சினை இல்லை என்று கண்டபின் 2007-இல் உரிமம் இன்றியே வளர்க்கலாம் என்ற பதிவேட்டில் சேர்த்தது. கொய்த பூவாக மட்டும் வருவது, மலட்டுச் செடி, விதை கட்டும் செடி, காட்டில் சொந்தம் உள்ள செடி என்று நாம் தரம் பிரிக்கலாம். மேலே இருப்பவற்றுக்குக் காலக்கெடு வைத்துச் சீக்கிரம் பதில். கீழே போகப் போகக் கடுமை. கடைசி வகைக்கு, மலடாக்கிக் காட்டும்வரை மறுப்பு.

மரபணுத் திருத்தத்தையும் இதற்குள் கொண்டுவர வேண்டும். 2022-இல் மத்திய அரசு, வெளி மரபணு எஞ்சாத திருத்தப்பட்ட தாவரங்களுக்கு மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலிலிருந்து விலக்கு அளித்தது. நெல்லுக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் ஜப்பானில் ஊதாக் காலைமலரை இந்த முறையில் வெள்ளையாக மாற்றி 2017-இலேயே காட்டிவிட்டார்கள். காலைமலர் கொடியின் உறவுகள் நம் ஊர் வாய்க்கால் கரையை எப்படி மூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். விலக்கு கொடுத்தாலும், இந்தக் கொடி பரவுமா என்று பார்க்க ஒருவர் இருக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விதையோ திசு வளர்ப்புக் கன்றோ இறக்குமதி செய்பவர் உறையில் எழுதித் தர வேண்டும்: மரபணு மாற்றியதா, இல்லையா. பொய்யென்றால் தண்டனையும் இழப்பீடும் அவருக்கு. 2017-இல் அமெரிக்காவில் நடந்தது போல, தெரியாமல் வளர்த்த நாற்றங்கால்காரர் தன் செலவில் செடியை அழிக்கும் நிலை இங்கே வரக் கூடாது. ஒரு குழித்தட்டு நாற்று என்பது என்னிடம் வேலை செய்யும் பெண்களின் பல வார உழைப்பு. சந்தேகம் வந்தால் ஒரு இலையை அனுப்பி, கட்டுப்படியாகும் கட்டணத்தில் முடிவு பெற வேளாண் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வகம் வேண்டும். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பூச்சி, நோய் பார்க்கும் அதிகாரிகள் இதையும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

2024 ஜூலையில் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் வேறு வேறு தீர்ப்புச் சொன்னாலும், மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். அந்தக் கொள்கையில் பூச்செடிக்குத் தனி அத்தியாயம் இருக்க வேண்டும். கத்தரி விவகாரத்தில் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பெங்களூரு உட்பட ஏழு நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுத்தார். பூவுக்கும் அப்படிக் கேளுங்கள். ஒரு கூட்டத்தை ஓசூரில் வையுங்கள். இன்னொன்றைக் கோத்தகிரியிலும் மற்றொன்றைத் தங்கச்சிமடத்திலும் வையுங்கள். வரைவைத் தமிழிலும் கன்னடத்திலும் முன்கூட்டியே கொடுங்கள். விதை போடும் ஆகஸ்ட் மாதத்தை மட்டும் தவிர்த்துவிட்டால், எங்கள் பக்கத்து நாற்றங்கால்காரர்கள் எல்லோரும் வந்துவிடுவோம்.